காபிக் கூப்பனில் விழுந்த ஓட்டு

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள். கம்பெனிக் கடன், ஷேர் என்று படித்தவர்கள் பேச வேண்டிய விஷயத்தை நான் எழுதுவது சரியா என்று பல நாள் தயங்கினேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அங்கே இருந்தவர்களில் பல பேர் இப்போது இல்லை. இருக்கிற சிலரும் நடந்ததை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் கண்ணால் கண்டதை மட்டும் எழுதிவிடுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தையல் மெஷின் இழுப்பறையில், ஊசி டப்பாவுக்கு அடியில், ஒரு ரோஸ் நிறக் கூப்பன் இருக்கிறது. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் 'இனிப்பு, காரம், காபி' என்று அச்சடித்து, கீழே கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப். மறுபக்கம் ஒன்றும் இல்லை. அந்த வெறும் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் செக்ரட்டரி சார்தான் நினைவுக்கு வருவார்.

எழுபதுகளில் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டர். கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. முகத்தைக் காட்ட வேண்டாம், குரல் போதும். எங்களுடையது பப்ளிக் லிமிடெட் கம்பெனி. முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. ஷேர் வைத்திருக்கும் எல்லோருமே முதலாளிகள். சேர்மனின் அப்பா தொடங்கிய காலத்தில், 'நம்ம ஊர் கம்பெனி' என்று தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம் பக்கத்து ரயில்வேக்காரர்களும் ஸ்கூல் டீச்சர்களும் பத்துப் பத்து ஷேராக வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். பெரிய பங்கு சேர்மன் குடும்பத்திடம் இருந்தது. ஆனால் அந்தச் சொந்தக்காரர்கள் எல்லாம் கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் இருந்தார்கள்.

செக்ரட்டரி சார் என்றால் கம்பெனி செக்ரட்டரி. சட்டப்படி நடக்க வேண்டியதெல்லாம் அவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடக்க முடியாத நீளக் குடை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார், "செக்ரட்டரி" என்பார். பேசி முடித்ததும் "எடுத்துடும்மா" என்று சொல்லாமல் வைக்க மாட்டார். மற்ற ஆபீசர்களுக்கு எதிர்முனையில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே தெரியாது.

அந்த வருஷம் அவருக்கு பம்பாயிலிருந்து டிரங்க் கால் வந்தபடி இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு உலை வாங்குவதற்காக பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் பெரிய தொகை கடன் வாங்கியிருந்தார்கள். உலை வந்து சேரத் தாமதம். அது வந்தபோது லாரி வியாபாரம் படுத்துவிட்டது. கடனோ மொத்தமாக ஒரே நாளில் திருப்பித் தர வேண்டிய கடன். அந்த நாள் நெருங்க நெருங்க அர்ஜென்ட் கால் போய் லைட்னிங் கால் ஆனது. லைட்னிங் கால் என்றால் காசு கொட்டும். உயிர் போகிற விஷயத்துக்குத்தான் போடுவார்கள். டிரங்க் லைன் அறுந்துவிடாமல் இருக்கிறதா என்று நடுநடுவே டெலிபோன் போர்டின் விசையைத் தூக்கிக் கேட்டுப் பார்ப்பது என் வேலை. அப்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஆள் நிதானமான இங்கிலீஷில் ஒரே வார்த்தையைச் சொல்வது காதில் விழும். திங்கட்கிழமை. அதற்குள் பணம் வராவிட்டால் கேட்டுக்குப் பூட்டு.

அடகுக் கடையில் வட்டி ஏறி மூழ்கப் போகிற வளையலை, பேங்கில் கடன் வாங்கி மீட்டு, அந்த வளையலையே பேங்கில் வைப்பது எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. செக்ரட்டரி சார் செய்துகொண்டிருந்ததும் அதேதான், வளையலுக்குப் பதில் பாக்டரி. நீண்ட தவணையில் புதுக் கடன் தர ஓர் இடம் சம்மதித்தது. ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார்கள். பெரிய ஆபீசர்கள் யாரும் ஐந்து வருஷம் விட்டுப் போகக் கூடாது. அவர்களை நிறுத்தி வைக்க ரொக்கமாக ஒரு பைசாவும் செலவழிக்கக் கூடாது. ஏற்கெனவே ஆபீசர்கள் பாதிச் சம்பளத்தில் இருந்தார்கள். ஒர்க்ஸ் மேனேஜரை பூனாவில் ஒரு பாக்டரி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உலையைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் விட்டுப்போன சம்பளத்துக்குப் பதிலாக ஆபீசர்களுக்குப் புது ஷேர் கொடுப்பது, ஐந்து வருஷத்துக்குள் வேலையை விட்டால் ஷேரைத் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. அந்தப் பட்டியலில் செக்ரட்டரி சாரும் உண்டு.

இதற்கு ஷேர்காரர்கள் கூடிச் சம்மதிக்க வேண்டும். கடனையும் ஷேரையும் ஒரே தீர்மானமாகக் கட்டிவிட்டதால் சும்மா பாதிக்கு மேல் இருந்தால் போதாது, நாலில் மூன்று பங்கு வேண்டும். தோற்றால் மறுபடி கூட்டுவதற்கு இருபத்தொரு நாள் நோட்டீஸ். திங்கட்கிழமைக்கு முன்னால் இருந்தது ஒரு வெள்ளிக்கிழமைதான்.

எங்கள் கம்பெனிக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கேன்டீன் ஷெட்டில் வாடகை நாற்காலி போட்டு, வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ரோஸ் கூப்பன் கொடுப்பார்கள். கூட்டம் முடிந்த பிறகு கூப்பனைக் கொடுத்தால் மைசூர்பாகும் மிக்சரும் போட்ட பொட்டலம், ஒரு டம்ளர் காபி. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே முக்கியம். தீர்மானத்தைப் படித்ததும் கையைத் தூக்குவார்கள், வரிசையில் நிற்பார்கள், மின்சார ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போவார்கள். ஓட்டுப் பெட்டி வைத்ததே இல்லை. ஷெட் சுவரில் மாட்டியிருந்த சேர்மனின் அப்பா படத்தைப் போலவே அதுவும் அந்தக் குடும்பத்துப் பெருமை. "எங்க கம்பெனியில கைதான்" என்பார் சேர்மன்.

அன்றைக்கு வாசல் மேஜையில் உட்கார ஆள் இல்லை என்று என்னைப் போட்டார்கள். அத்தனை முகங்களுக்கு நேராக உட்கார்ந்ததில் எனக்குக் கை வியர்த்துக் கூப்பன்கள் ஒட்டிக்கொண்டன. நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தவர்கள் பலர் கோபமாக இருந்தார்கள். டிவிடெண்ட் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் இருந்து வந்த ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "இருக்கிற சாம்பாரே நமக்குப் பத்தல. இதுல இன்னும் நாலு இலை போடப் போறாங்களாம்."

கூட்டம் தொடங்க முடியவில்லை. புதுக் கடன் தருகிற இடத்திலிருந்து வர வேண்டியவரின் கார் மீனம்பாக்கம் பக்கத்தில் நின்றுவிட்டது. அவர் முன்னால் கூட்டம் நடக்க வேண்டும் என்பது பேச்சு. தகர ஷெட்டில் வெயில் இறங்கியது. வயதானவர்கள் நோட்டீஸை விசிறியாக்கி வீசிக்கொண்டார்கள். முணுமுணுப்பு ஏறியது. சேர்மன் ஷெட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, டிபனை முதலில் கொடுத்துவிடச் சொன்னார்.

செக்ரட்டரி சார் என் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "சார், டிபன் கடைசியிலதான் சார்" என்றார்.

"வயசானவங்கய்யா. பசியோட உக்கார வெச்சு ஓட்டு வாங்கச் சொல்றீங்களா?"

சேர்மன் நல்ல மனதோடுதான் சொன்னார். அதை இன்றைக்கும் நான் நம்புகிறேன். செக்ரட்டரி சார் வாயில் இருந்த கிராம்பைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

பொட்டலம் வாங்கினார்கள், காபி குடித்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே நடந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, தாம்பரம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை என்றேன். அப்படியா என்று சிரித்தபடி போய்விட்டார். வருஷா வருஷம் காபிக்குப் பின்னால் வீட்டுக்குப் போய்ப் பழகிய கால்கள் அவை. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. சேர்மன் எதைக் கேட்டாலும் கை தூக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். கோபக்காரர்களோ நாற்காலியை விட்டு அசையவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே சாப்பிட்டார்கள். கேன்டீன் மாஸ்டர் காபி வாளியோடு என்னைத் தாண்டிப் போகும்போது, "இன்னாமா இது, துன்னுட்டு அல்லாரும் கெளம்பிகினு கீறாங்க. கூட்டம் யாருக்கு நடக்கப் போவுது?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ஷெட்டில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. செக்ரட்டரி சார் சாப்பிடவில்லை. அவருக்கென்று ஒரு கூப்பனைத் தனியே எடுத்து என் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

கடன் தருகிறவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும் சேர்மன் மைக்கைப் பிடித்தார். தீர்மானத்தைப் படித்தார். நாலைந்து பேர் எழுந்து கேள்வி கேட்டார்கள். எங்களுக்கு மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை, உங்கள் ஆபீசர்களுக்கு மட்டும் ஓசியில் ஷேரா என்பதுதான் எல்லாக் கேள்வியின் சாரமும். ஓசி இல்லை, சம்பளம் என்று சேர்மன் விளக்கினார். எங்கள் பிள்ளைகளும்தான் சம்பளம் வாங்குகிறார்கள், அவர்களுக்கு ஷேரா கொடுக்கிறார்கள் என்றார் கார்டு. சிரிப்பு. பிறகு ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சேர்மன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். எதிர்ப்பவர்கள் என்றதும் ஷெட் முழுதும் கைகள் எழுந்தன. மேஜை மேல், வெளியூரில் இருந்த சேர்மனின் சொந்தக்காரர்கள் தங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அதிகாரக் கடிதங்கள் கட்டாகக் கிடந்தன. ஆனால் கை என்றால் வந்திருக்கிற ஆளுக்கு ஒரு கை. பத்து ஷேரும் ஒரு கை, பத்தாயிரம் ஷேரும் ஒரு கை. வராதவர்களுக்குக் கை இல்லை. பெட்டி வைத்து, ஷேருக்கு ஒரு ஓட்டு என்று எண்ணினால்தான் அந்தக் கட்டுக்கு உயிர்.

சேர்மன் முகம் சுருங்கிவிட்டது. தீர்மானம் தோற்றது என்று சொல்ல வாயெடுத்தவரின் பக்கம் செக்ரட்டரி சார் குனிந்தார். மேஜை மேல் மைக் திறந்தே இருந்தது. அதனால் அவர் மெதுவாகப் பேசியது ஷெட்டின் கடைசி வரைக்கும் கேட்டது.

"சார், சொல்லிடாதீங்க. சொல்லிட்டா முடிஞ்சுது. பெட்டி வைங்க."

"அப்பா காலத்துலேர்ந்து நாம பெட்டி வெச்சதில்ல."

"தெரியும் சார். இன்னிக்கி வைங்க."

சேர்மன் முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தார். பல நாள் தூங்காத மனிதர், எல்லோர் முன்னாலும் தோற்றுக்கொண்டிருந்தவர். அதனால் வந்த வார்த்தையாக இருக்கலாம். "உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு. உங்களுக்கு ஷேர் வரணும். அதானே?"

முன்வரிசையில் இருந்த கடன் தருகிறவர் டம்ளரைக் கீழே வைத்தார். செக்ரட்டரி சார் நிமிர்ந்து நின்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, சேர்மனைத்தான் பார்த்தார்.

"ஆமா சார். எனக்கும் வரும். பெட்டி வைங்க."

"ஒத்துக்கிட்டாருய்யா" என்றார் கார்டு. "மனுஷன் ஒத்துக்கிட்டாரு." சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. அந்த நேரத்தில் ஷிப்டு சங்கு ஊதியது. எங்கள் சங்கு ஷெட்டுக்கு நேர் மேலே. அது ஊதும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அதன் சத்தத்துக்குள் சேர்மன் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தபடி நின்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தச் சங்கு ஊதுமா என்று நான் நினைத்தேன். அங்கிருந்த தொழிலாளிகள் எல்லோரும் அதையேதான் நினைத்திருப்பார்கள். சங்கு நின்றது. "வைங்க" என்றார் சேர்மன்.

பெட்டியும் இல்லை, ஓட்டுச் சீட்டும் இல்லை. சேர்மன் விரும்பமாட்டார் என்று யாரும் தயார் செய்து வைக்கவில்லை. கேன்டீன் சுவரில் தொழிலாளர்களுக்கான யோசனைப் பெட்டி ஒன்று பூட்டோடு தொங்கியது. அதைக் கழற்றி, உள்ளே இருந்த நாலு பீடித் துண்டையும், சாம்பாரில் உப்பு அதிகம் என்ற ஒரு சீட்டையும் கொட்டிவிட்டு, எல்லோருக்கும் காலியாகத் திறந்து காட்டி மேஜையில் வைத்தார்கள். செக்ரட்டரி சார் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். "கூப்பன் எவ்வளவு மிச்சம் இருக்கோ எடுத்துட்டு வாம்மா."

வாசலில் இருந்து அந்த மேஜை வரைக்கும் நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான தூரம். எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. கூப்பன்களை அவர் கையில் கொடுத்தேன். டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்ததை மட்டும் மறந்துபோனேன். கூப்பனின் பின்பக்கத்தில் பெயர், ஷேர் எண்ணிக்கை, ஆதரவா எதிர்ப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கார்டு தன் கூப்பனை உயர்த்திக் காட்டி, "இதுக்கு மறுபடி மைசூர்பாகு உண்டா சார்?" என்று கேட்டுவிட்டு, எதிர்ப்பு என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார். சொந்தக்காரர்களின் அதிகாரக் கடிதங்களில் பெயர் குறித்திருந்தவர்கள் கடிதத்துக்கு ஒன்றாக எழுதிப் போட்டார்கள். செக்ரட்டரி சார் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போது ஒரு ஷேரும் கிடையாது, ஓட்டும் கிடையாது. கூப்பன்களை ஆடிட்டர் எண்ணினார்.

தீர்மானம் நிறைவேறியது. யாரும் கை தட்டவில்லை. சேர்மன் காபி குடிக்காமல் காரில் ஏறினார்.

கம்பெனி பிழைத்தது. செக்ரட்டரி சாரின் பெயர் பிழைக்கவில்லை. கார்டு ஒரு வாரத்தில் அவருக்குக் 'கூப்பன் சார்' என்று பெயர் வைத்தார். அது தாம்பரம் முதல் பல்லாவரம் வரை மின்சார ரயிலில் ஓடியது. பிளாட்பாரத்தில் யாராவது, "இனிப்பா சார், காரமா சார்?" என்று கேட்பார்கள். அவர் குடையை ஊன்றியபடி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய மனைவி மார்க்கெட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார் என்று சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அடுத்த சில வருஷத்தில் டிவிடெண்டும் வந்தது. வாங்கிக்கொண்டார்கள். பெயர் மாறவில்லை.

சேர்மனும் அதற்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சேர்மன் போனை எடுத்து என்னிடம், "செக்ரட்டரிகிட்ட சொல்லும்மா, வட்டி செக் போயாச்சான்னு" என்பார். நான் அந்தப் பக்கம் கூப்பிட்டுச் சொல்வேன். "போயாச்சுன்னு சொல்லும்மா" என்பார் இவர். லைனைச் சேர்த்து விடட்டுமா என்று ஒரு தடவை சேர்மனிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் சொன்ன அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாத ஒரு மனிதரின் குரல் அது. நாலு வருஷத்துக்கு மேல், அந்த ஒரு சுவரைத் தாண்டி அவர்கள் பேச்சை நான்தான் சுமந்தேன்.

பிறகு ஒருநாள் செக்ரட்டரி சார் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ரிட்டயர் ஆனார். ஐந்து வருஷம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. எந்தக் காரணத்தால் வேலையை விட்டாலும் ஷேர் திரும்பப் போகும் என்பது விதி. சேர்மன் கொஞ்சம் நீட்டித்துக் கொடுத்திருக்கலாம். இவர் கேட்டிருக்கலாம். என் டெலிபோன் போர்டில் இவர்கள் இரண்டு பேர் லைன் விளக்கும் ஒன்றாக எரியும் என்று அந்த வாரம் முழுதும் காத்திருந்தேன். எரியவில்லை. ஒர்க்ஸ் மேனேஜர் முதலான மற்றவர்கள் எல்லோருக்கும் ஷேர் நின்றது. பின்னால் நல்ல விலைக்குப் போனது. இவருடையது மட்டும் திரும்பிப் போயிற்று.

கடைசி நாள் மாலை அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே வந்தது அது ஒரு தடவைதான். என்றைக்கும் இல்லாத தைரியத்தில், இப்படித் திரும்பப் போகும் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியாதா சார் என்று கேட்டுவிட்டேன்.

"அந்த விதிய எழுதினதே நான்தாம்மா" என்றார். "என் வயசு எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் எனக்கும் வரும் என்று சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு மேல் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பிறகு பல வருஷம் நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். வராது என்று சொல்லியிருந்தால், ஏன் வராது என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஐந்து வருஷம் யாரும் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு இவர் வயதைப் பற்றி, இவர் யோக்கியதையைப் பற்றி என்று எங்கோ போயிருக்கும். சேர்மன் அதற்குள் தோற்றது என்று சொல்லி முடித்திருப்பார். ஆமாம் என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. இது என் ஊகம்தான். நான் படிக்காதவள், தப்பாக இருக்கலாம்.

கூட்டத்து நாளிலிருந்து என் டிபன் டப்பாவோடேயே வைத்திருந்த அந்தக் கூப்பனை எடுத்து அவரிடம் நீட்டினேன். உங்களுக்காக எடுத்து வைத்தது சார், அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்றேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அச்சடித்த பக்கத்தைப் பார்த்தார், வெறும் பக்கத்தையும் பார்த்தார். "கேன்டீன் மூடியிருப்பாங்களேம்மா" என்று சொல்லிச் சிரித்து, என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். குடையை மறக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கேன்டீன் ஷெட் இருந்த மூலையில் கார்கள் நிற்கின்றன. அங்கே பிளாட் வாங்கிய ஒருவர், இங்கே முன்னால் என்ன இருந்தது என்று போன மாதம் என்னிடம் கேட்டார். ஸ்பிரிங் கம்பெனி என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். கூப்பனின் ரோஸ் நிறம் வெளுத்துவிட்டது. பின்பக்கம் அப்படியே இருக்கிறது, யாருடைய பெயரும் இல்லாமல்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் சனிக்கிழமை, வேலை நாள். யோசனைப் பெட்டியைக் கேன்டீன் சுவரில் மறுபடி மாட்டினார்கள். காலைச் சங்கு ஊதியது, எல்லோரும் உள்ளே போனார்கள். முதல் கால் பம்பாயிலிருந்து வந்தது. செக்ரட்டரி சாருக்குப் போட்டேன்.